கமிட் செய்தியும் கோட் ரிவ்யூவும்: மாற்றத்தின் காரணத்தை எங்கே எழுதி வைப்பது?

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு, கோப்புகளின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளின் கட்டளைகளை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்தைப் பதியும்போதும் அதோடு எழுதும் கமிட் செய்தியில் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அதனால் "திருத்தம்", "சிறு மாற்றம்", "மறுபடியும் திருத்தம்" என்ற செய்திகளே, திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் சேர்ந்திருக்கும் களஞ்சியங்கள் பலவற்றில் வரிசையாக நிற்கின்றன. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்லும் கோட் ரிவ்யூ என்றதும் அது தேர்வுத்தாள் திருத்துவது போன்ற வேலை என்ற எண்ணமும் சேர்ந்தே பரவியிருக்கிறது. கமிட் செய்தி ஒரு சடங்கு, ரிவ்யூ ஒரு சோதனை என்ற இந்த இரண்டு எண்ணங்களும் தவறானவை. இரண்டுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு என்பதும், அந்தத் தொடர்பைப் புரிந்துகொண்டவரே புதியவருக்கு நன்றாக வழிகாட்ட முடியும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. நிரல் எழுதத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பட்டாவும் பத்திரமும்

ஒரு நிலத்தை வாங்கப் போகிறவர் பட்டாவை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதில்லை. நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பட்டா சொல்லும். அது எப்படி அவரிடம் வந்தது என்பதைச் சொல்லாது. அதற்காகத்தான் வில்லங்கச் சான்று வாங்குகிறோம், தாய்ப்பத்திரம் வரை தேடிப் போகிறோம். அந்தப் பழைய பத்திரங்களைப் படித்துப் பார்த்தால், யார் யாருக்கு எவ்வளவு நிலத்தை விற்றார் என்பதோடு, குடும்பச் செலவுக்காக, கடனை அடைப்பதற்காக என்று விற்பனைக்கான காரணமும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

நிரல் பட்டாவைப் போன்றது. இன்று அது எப்படி இயங்குகிறது என்பதை நிரலைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். நேற்று வேறு விதமாக இருந்தது ஏன் இன்று இப்படி ஆனது என்ற கேள்விக்கு நிரலுக்குள் விடை கிடைக்காது. அந்த விடையைத் தாங்கி நிற்கும் பத்திரக் கட்டுதான் கமிட் வரலாறு. ஒவ்வொரு பத்திரத்திலும் "விற்பனை" என்ற ஒரே சொல் மட்டும் எழுதப்பட்டிருந்தால் அந்தக் கட்டினால் யாருக்கு என்ன பயன் என்று எண்ணிப் பார்த்தால், "திருத்தம்" என்ற கமிட் செய்தியின் குறை விளங்கும்.

ஒரு கமிட்டுக்குள் என்ன இருக்கிறது?

கிட் என்பது கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமித்து வைக்கும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவசப் பயன்பாடு நின்றுபோனபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலையில் அதன் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றுக்கொண்டார்.

கமிட் என்பது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் திட்டத்தின் கோப்புகள் எல்லாம் எப்படி இருந்தன என்ற முழு நிலையைப் பதிந்து வைக்கும் ஒரு பதிவு. அந்த நிலையோடு மாற்றத்தை எழுதியவரின் பெயர், அதைக் களஞ்சியத்தில் சேர்த்தவரின் பெயர், நேரம், இதற்கு முந்தைய கமிட் எது என்ற குறிப்பு, கடைசியாக நாம் தட்டச்சு செய்யும் செய்தி ஆகியவையும் அதில் அடங்கும். இரண்டு கமிட்டுகளை ஒப்பிட்டு எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்று காட்டுவதை டிஃப் என்கிறோம்.

யார் செய்தார், எப்போது செய்தார், எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது ஆகிய அனைத்தையும் கிட் தானாகவே பதிந்துவிடுகிறது. அது தானாகப் பதிய முடியாத ஒன்றே ஒன்று மாற்றத்தின் காரணம். கமிட் செய்திக்கென்று இடம் விடப்பட்டிருப்பது அதற்காகத்தான். டிஃப்பில் கண்ணுக்குத் தெரிவதையே செய்தியில் திரும்பவும் எழுதுபவர், இருக்கும் ஒரே இடத்தையும் வீணாக்கிவிடுகிறார்.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. மேலே சொன்ன உறுப்புகள் அனைத்தையும் கணக்கிட்டு ஒவ்வொரு கமிட்டுக்கும் ஹாஷ் என்ற அடையாள எண்ணைக் கிட் தருகிறது. வழக்கமாக அது 40 குறிகள் கொண்டது. கமிட் செய்தியும் அந்தக் கணக்கில் சேர்கிறது. ஆகவே செய்தியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் மாறிவிடும். அந்தக் கமிட்டின் மேல் கட்டப்பட்ட அடுத்தடுத்த கமிட்டுகளின் ஹாஷும் மாறிவிடும். உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் கடைசிக் கமிட்டின் செய்தியை அமெண்ட் கட்டளையால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். எல்லோரும் பகிரும் முதன்மைக் கிளையில், அதாவது குழுவின் பொதுவான கமிட் வரிசையில், அது சேர்ந்துவிட்டால், மற்றவர்களின் வேலையைக் குலைக்காமல் அதைத் திருத்த வழியில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காரணத்தை மனிதர்தான் எழுத வேண்டும்; அது முதன்மைக் கிளையில் சேருமுன்பே எழுதியாக வேண்டும். செய்தியைத் திருத்துவதற்கான கடைசி வாய்ப்பு ரிவ்யூ நடக்கும் நேரம் என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு. பின்னால் வருவது எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

நல்ல செய்தி எப்படி இருக்கும்?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ரசீது அச்சிடும் நிரல் ஒன்றில், வாடிக்கையாளரின் பெயருக்கு 9 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். "கார்த்திக்" என்ற பெயர் அதில் "கார்த்திக" என்று புள்ளி இல்லாமல் அச்சாகிறது. ஒருவர் இரண்டு வரிகளை மாற்றி அதைச் சரிசெய்துவிட்டு, "பெயர்ப் பிழை திருத்தம்" என்று கமிட் செய்கிறார். அதே மாற்றத்துக்குக் கீழ்க்கண்டவாறும் எழுதியிருக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான குழுக்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் இங்கே தமிழிலேயே தருகிறேன். இதில் வரும் யூனிகோட் என்பது எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறை; அதில் ஒரு தமிழ் எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள் தேவைப்படலாம்.

"ரசீது: பெயரை எழுத்தின் நடுவில் வெட்டாதே

பெயர் 9 இடங்களைத் தாண்டினால், யூனிகோட் குறிகளை எண்ணி வெட்டிவந்தோம். 'கார்த்திக்' என்பதில் 5 எழுத்துகளே இருந்தாலும் யூனிகோடில் அது 10 குறிகள். அதனால் கடைசிப் புள்ளி உதிர்ந்துவிடுகிறது.

இனிக் குறிகளை எண்ணாமல் முழு எழுத்துகளை எண்ணி வெட்டுகிறோம். பெயருக்கான இடத்தை அகலமாக்குவதையும் யோசித்தோம். பழைய அச்சுப்பொறியின் தாளில் அதற்கு இடமில்லை. அகலமாக்கினாலும் அதைவிட நீளமான பெயர்களில் இதே பிழை மீண்டும் வரும்."

முதல் வரி தலைப்பு. என்ன செய்யப்பட்டது என்பதை அது சொல்கிறது. கிட்டின் கையேடு இந்தத் தலைப்பு 50 குறிகளுக்குள் இருப்பது நல்லது என்கிறது. லினக்ஸ் கெர்னல் குழு 70 முதல் 75 வரை இடம் தருகிறது. தலைப்புக்குப் பின் ஒரு வெற்று வரி கட்டாயம், ஏனென்றால் அந்த வெற்று வரியை வைத்துத்தான் கிட்டும் பிற கருவிகளும் தலைப்பைப் பிரித்தறிகின்றன. தலைப்பை ஏவல் வினையில், நிரலுக்குக் கட்டளையிடுவது போல எழுதுவதைக் கிட் குழுவும் லினக்ஸ் குழுவும் வழக்கமாகக் கொண்டிருக்கின்றன. இவையெல்லாம் எளிய விதிகள். ஒரு நாளில் பழகிவிடும்.

பழகக் கடினமானது உடல் பகுதி. மேலே உள்ள செய்தி, முதலில் கண்ணுக்குத் தெரிந்த குறையைச் சொல்கிறது. பிறகு அதன் வேரைச் சொல்கிறது. அதற்குப் பிறகே தீர்வுக்கு வருகிறது. கடைசியில், யோசித்துக் கைவிட்ட வழியையும் சொல்கிறது. இவற்றுள் மிகுந்த மதிப்புடையது அந்தக் கடைசிப் பகுதி என்பது என் கருத்து. கைவிட்ட வழி நிரலில் எங்கும் தெரியாது. மூன்று ஆண்டுகள் கழித்து வரும் ஒருவர், "எழுத்தை எண்ண இவ்வளவு சுற்று ஏன், நேராக நீளத்தை எடுத்தால் போதாதா?" என்று நினைத்து எளிமையாக்கிவிட்டால் புள்ளி மறுபடியும் உதிரும். அவரைத் தடுத்து நிறுத்தக்கூடியது இந்தச் செய்தி மட்டுமே.

பிழைப் பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் செய்தியில் போட்டால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. எண்ணைச் சேர்ப்பது நல்லதுதான். குழுக்கள் காலப்போக்கில் பிழைப் பட்டியல் மென்பொருளை மாற்றுகின்றன, பழைய இணைப்புகள் திறக்காமல் போகின்றன. கமிட் செய்தியோ நிரலோடு சேர்ந்து ஒவ்வொருவர் கணினிக்கும் நகலாகிச் செல்கிறது. எண் இருக்கட்டும், காரணமும் கூடவே இருக்கட்டும்.

இதை யார், எப்போது படிக்கிறார்கள்?

எழுதியவுடன் யாரும் படிப்பதில்லை என்பது உண்மையே. படிக்கும் நேரம் பெரும்பாலும் நெருக்கடியான நேரம். நிரலின் ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் பிளேம் என்ற கட்டளை கிட்டில் உண்டு. புரியாத ஒரு வரியின் எதிரே அதை இயக்கி, கிடைத்த கமிட்டைத் திறந்து பார்க்கிறவருக்கு முதலில் கண்ணில் படுவது செய்திதான்.

பைசெக்ட் என்ற கட்டளை இன்னும் முக்கியமானது. சரியாக இயங்கிய பழைய கமிட் ஒன்றையும் பிழையோடு இருக்கும் இன்றைய கமிட் ஒன்றையும் கொடுத்தால், இடைப்பட்ட வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்து, பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க அது உதவுகிறது. லினக்ஸ் கெர்னலின் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்த வெளியீட்டுக்கும் இடையே 10,000க்கும் மேற்பட்ட கமிட்டுகள் சேர்கின்றன. ஒவ்வொரு சோதனையிலும் பாதி கழிந்துவிடுவதால் சுமார் 14 சோதனைகளில் குற்றவாளியை நெருங்கிவிடலாம். ஆனால் அந்தப் பதினான்காவது சோதனை கொண்டுபோய் நிறுத்தும் கமிட்டில், ஐந்து வெவ்வேறு வேலைகள் கலந்து கிடந்து, செய்தியில் "பல திருத்தங்கள்" என்று மட்டும் இருந்தால் அத்தனை தேடலும் பாதியில் நின்றுபோகிறது. ஒரு கமிட்டில் ஒரு வேலை மட்டும் என்ற விதி இந்தத் தேடலுக்காகத்தான் இவ்வளவு வலியுறுத்தப்படுகிறது. செய்தியை எழுதும்போது "மேலும்", "அத்துடன்" என்ற சொற்கள் தாமாக வந்து விழுந்தால், கமிட்டைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று புதியவர் புரிந்துகொள்ளலாம்.

லினக்ஸ் குழு செய்திகளை ஒன்றோடொன்று கோத்தும் வைக்கிறது. பழைய கமிட் ஒன்றில் நுழைந்த பிழையைச் சரிசெய்பவர், செய்தியின் இறுதியில் "ஃபிக்சஸ்" என்ற குறிப்பின் கீழ், அந்தக் கமிட்டுடைய ஹாஷின் முதல் 12 குறிகளையும் அதன் தலைப்பையும் எழுதுகிறார். நீண்டகாலப் பயன்பாட்டில் இருக்கும் பழைய கெர்னல் பதிப்புகளைப் பராமரிப்பவர்கள், எந்தத் திருத்தம் எந்தப் பதிப்புக்குத் தேவை என்பதை அறிய இந்தக் குறிப்பு பெரிதும் உதவுகிறது.

சுருக்கமாக: செய்தியின் வாசகர், பின்னாளில், பிழையொன்றின் நடுவில் நிற்பவர். எழுதியவரிடம் கேட்க அவருக்கு வாய்ப்பிருக்காது. எழுதியவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம்.

ரிவ்யூ என்பது என்ன?

கோட் ரிவ்யூ என்பது, ஒருவர் எழுதிய மாற்றத்தை அது முதன்மைக் கிளையில் சேருமுன் இன்னொருவர் படித்துக் கருத்துச் சொல்வது. ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன், குழுவாக உட்கார்ந்து நிரலை ஆய்வு செய்யும் முறையான வழியை 1976இல் கட்டுரையாக வெளியிட்டார். அன்று அது கூட்டமாக நடந்தது. லினக்ஸ் குழுவில் மாற்றங்கள் பேட்ச் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்து மின்னஞ்சலிலேயே விவாதிக்கப்படுகின்றன. கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் போன்ற தளங்களில், மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் என்ற பக்கத்தில் அதே வேலை நடக்கிறது. பெயர்களும் பக்கங்களும் மாறினாலும் படிப்பதும் கேட்பதும்தான் அடிப்படை.

பிழை கண்டுபிடிப்பது ரிவ்யூவின் ஒரு பயன். இன்னொரு பயன், எழுதியவர் தலைக்குள் மட்டும் இருக்கும் காரணத்தை வெளியே கொண்டுவருவது. புதியவருக்கு வழிகாட்டுவதில் இரண்டாவதுதான் பெரியது என்று நான் கருதுகிறேன். நல்ல காரணத்தோடு மாற்றம் செய்துவிட்டு அதைச் சொல்லத் தெரியாமல் நிற்பவர்களே புதியவர்களில் அதிகம்.

கேள்விக்கான விடை எங்கே போகிறது?

ரசீது நிரலைத் திருத்திய அதே நபரை எடுத்துக்கொள்வோம். "பெயர்ப் பிழை திருத்தம்" என்ற செய்தியோடு அவருடைய மாற்றம் ரிவ்யூவுக்கு வருகிறது. குழுவில் மூத்தவர், "சாதாரண நீளக் கணக்கை ஏன் எடுத்துவிட்டீர்கள்?" என்று கேட்கிறார். புதியவர் அடியில் பதில் எழுதுகிறார்: "அக்கா, 'கார்த்திக்' என்ற பெயரில் கடைசிப் புள்ளி விழுந்துவிடுகிறது. யூனிகோடில் அது 10 குறிகள், நம் வரம்போ 9." மூத்தவர் "சரி, புரிந்தது" என்று எழுதி ஒப்புதல் கொடுத்துவிடுகிறார். வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் அந்த அருமையான விளக்கம் ரிவ்யூ பக்கத்தின் அடியிலேயே தங்கிவிட்டது. கிட் வரலாற்றில் "பெயர்ப் பிழை திருத்தம்" மட்டுமே நிற்கிறது.

அந்த மூத்தவர் எழுதியிருக்க வேண்டியது இது: "விளக்கம் தெளிவாக இருக்கிறது. எனக்கு வந்த இதே சந்தேகம் அடுத்து வருகிறவருக்கும் வரும். ஆகவே இப்போது எனக்குச் சொன்னதை அப்படியே கமிட் செய்திக்குள் எழுதி மறுபடியும் அனுப்புங்கள்." இந்த மூன்று வாக்கியங்களில் பாராட்டு இருக்கிறது, காரணம் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. செய்தியில் என்ன எழுதுவது என்று திகைத்து நின்றவருக்கு, எழுத வேண்டியதைத் தாமே ஏற்கெனவே எழுதிவிட்டோம் என்பது புரிந்துபோகிறது. பயிற்சி வகுப்பு நடத்தினாலும் இவ்வளவு எளிதாக இது பதியாது.

லினக்ஸ் கெர்னலின் பேட்ச் வழிகாட்டி ஆவணமும் இதையே விதியாக வைத்திருக்கிறது: ரிவ்யூவில் எழுந்த கேள்வியால் நிரலில் மாற்றம் எதுவும் தேவைப்படாவிட்டாலும், பெரும்பாலும் அது நிரலில் ஒரு குறிப்பாகவோ கமிட் செய்தியில் ஒரு விளக்கமாகவோ இடம்பெற வேண்டும் என்கிறது அது.

அதே குழுவில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. மின்னஞ்சலில் அனுப்பும் பேட்ச்சில் கமிட் செய்தி முடிந்ததும் மூன்று சிறு கோடுகள் கொண்ட ஒரு வரி வரும். அதற்கு மேலே இருப்பது வரலாற்றில் நிலைக்கும். கீழே எழுதுவது ரிவ்யூ செய்பவருக்கு மட்டும் சென்று, பிறகு மறைந்துவிடும். "சென்ற முறை நீங்கள் சொன்னபடி மாறியின் பெயரை மாற்றிவிட்டேன்" போன்ற குறிப்புகளுக்கு இடம் கோட்டுக்குக் கீழே. "பழைய அச்சுப்பொறியில் இடமில்லை" என்பதற்கு இடம் கோட்டுக்கு மேலே. மின்னஞ்சலில் பேட்ச் அனுப்பாத குழுவிலும் புதியவரிடம் இந்தக் கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளச் சொல்லலாம்: இன்றைய உரையாடலுக்கு வேண்டியது எது, பின்னாளில் படிக்கிறவருக்கு வேண்டியது எது என்று அவரே பிரித்துவிடுவார்.

வழிகாட்டுபவர் கவனிக்க வேண்டியவை

எல்லாக் கருத்துகளும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பது புதியவருக்குத் தெரியாது. பாதுகாப்புக் குறையைச் சுட்டும் கருத்தும், மாறியின் பெயர் பற்றிய விருப்பமும் ஒரே குரலில் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஒரே அச்சத்தோடு பார்ப்பார். "இதைத் திருத்தினால்தான் சேர்க்க முடியும்", "இது என் விருப்பம் மட்டும், விட்டுவிடலாம்" என்று ஒவ்வொரு கருத்தின் தொடக்கத்திலும் எழுதிவிடுவது பெரிய உதவி. இடைவெளி, வரி நீளம் போன்றவற்றை மனிதர் சுட்டிக்காட்டவே தேவையில்லை. லினக்ஸ் குழு அதற்கு செக்பேட்ச் என்ற நிரலை வைத்திருக்கிறது, பிற மொழிகளுக்கும் இத்தகைய கருவிகள் உண்டு. கருவி சொல்லும்போது அது யாரையும் சுடுவதில்லை. மனிதரின் நேரம் காரணத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மிஞ்சுகிறது.

தொனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடுமையான ரிவ்யூதான் தரத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை இத்துறையில் நெடுங்காலம் இருந்தது. இன்றும் சிலரிடம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸே தம் மின்னஞ்சல்களின் கடுமைக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, கெர்னல் வேலையிலிருந்து சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். கெர்னல் குழு புதிய நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டதும் அப்போதுதான். நிரலைப் பற்றி எவ்வளவு கண்டிப்பாகவும் பேசலாம், எழுதியவரைப் பற்றிப் பேசத் தேவையே இல்லை. "இந்தச் சுற்று காலிப் பட்டியல் வந்தால் நின்றுவிடும்" என்பதும் "இதைக்கூட யோசிக்கவில்லையா" என்பதும் ஒரே பிழையைத்தான் சுட்டுகின்றன. இரண்டாவதைக் கேட்டவர் அடுத்த முறை பிழையைக் குறைக்கப் பார்ப்பதைவிடக் கேள்வி கேட்பதைத்தான் குறைத்துக்கொள்வார்.

புதியவரின் நிரலை மூத்தவரே திருத்தி எழுதிக் கொடுப்பதும் உதவியாகத் தோன்றும். அவசரத்தில் அது தேவைப்படலாம். வழக்கமாக்கினால், காரணத்தை யோசிக்கும் வேலை புதியவரின் கையிலிருந்து போய்விடும்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. பலரும் இதைச் செய்து பார்ப்பதில்லை. மூத்தவர்களின் கமிட்டுகளைப் புதியவரைப் படிக்கவைத்து, டிஃப்பைத் திறக்காமல் செய்தியை மட்டும் வைத்து மாற்றம் ஏன் நடந்தது என்று சொல்லச் சொல்லலாம். குழுவின் பேச்சுவழக்கும் தேநீர் நேர விவாதங்களும் தெரியாத ஒருவருக்குப் புரிந்தால், அந்தச் செய்தி பின்னாளில் வரும் அறிமுகமற்ற வாசகருக்கும் புரியும். புரியாவிட்டால் திருத்திக்கொள்ள வேண்டியவர் மூத்தவர். ரிவ்யூ என்பது மேலிருந்து கீழே மட்டும் ஓடுவதல்ல என்பதைப் புதியவர் இப்படித்தான் முதன்முதலாக உணர்கிறார்.

சேர்க்கும் கணத்தில்

கிட்ஹப்பில் பல குழுக்கள் ஸ்குவாஷ் முறையைப் பயன்படுத்துகின்றன. அதாவது, ஒரு புல் ரிக்வெஸ்டில் உள்ள எல்லாக் கமிட்டுகளையும் ஒன்றாக மடித்து ஒரே கமிட்டாகச் சேர்க்கிறார்கள். ரிவ்யூவின்போது அடுக்கடுக்காக வந்த சிறு திருத்தங்கள் முதன்மைக் கிளையில் தனித்தனிக் கமிட்டுகளாகத் தேங்காமல் இருக்க இது வசதியானது. ஆனால் அப்போது தளம் தானாக நிரப்பும் செய்திப் பெட்டியில், பல சமயம் அந்தச் சிறு கமிட்டுகளின் செய்திகள் "திருத்தம்", "ரிவ்யூவுக்குப் பின் மாற்றம்", "மீண்டும் திருத்தம்" என்று பட்டியலாக வந்து நிற்கும். அதை அப்படியே விட்டுப் பொத்தானை அழுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது. பொத்தானை அழுத்தும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர், பட்டியலை நீக்கிவிட்டு, தெளிவான தலைப்பையும் ரிவ்யூவில் வெளிவந்த காரணத்தையும் அந்தப் பெட்டியில் எழுத வேண்டும். முதல் சில முறை புதியவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை அவரையே நிரப்பச் சொல்வது நல்லது.